இன்னொண்ணு அக்காவும் தலையாட்டிய உருண்டைகளும்

எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது. அதற்கு மாதத்தில் ஒரு நாள்தான் வேலை. மற்ற நாட்களில் சிஸ்டர் தியேட்டர் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, தாழ்வாரத்தைப் பார்த்துக் கேட்பது, "இன்னொண்ணு அக்கா எங்கப்பா?" என்றுதான்.

அக்காவின் வேலை, ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே எக்ஸ்ரே எடுப்பது. எலும்பு உடைந்து வந்தவரை மேஜையில் படுக்க வைத்து, சி-ஆர்ம் என்கிற இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்துவார்கள். பிறை போல வளைந்த பெரிய இரும்புக் கை அது. ஒரு முனையிலிருந்து கதிர் கிளம்பும், மறுமுனை வாங்கிக்கொள்ளும், நடுவில் மாட்டிக்கொண்டவரின் எலும்பு டிவியில் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் டாக்டர் கம்பியையும் ஸ்க்ரூவையும் செலுத்துவார். எல்லாம் முடிந்தது என்று அவர் கையுறையைக் கழற்றப் போகும் சமயம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "இன்னொண்ணு எடுத்துக்கலாம் டாக்டர்."

இருபத்தாறு வருஷமாக வருகிறது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ஒரு தடவை சொன்னார்: "அக்கா கல்யாணத்துல போட்டோ எடுக்க வந்தவர் பாவம், ரெண்டு நாள் வீட்டுக்கே போயிருக்க மாட்டார்."

இந்த அவதூறு அக்காவின் வீட்டுக்காரர் காதுக்குப் போனபோது அவர் மறுக்கவில்லை. "ஆல்பத்தை எடுத்துப் பாருங்க. முதல் படத்துல சிரிச்சுக்கிட்டு இருப்பேன். கடைசிப் படத்துல உட்கார இடம் தேடிக்கிட்டு இருப்பேன்."

கதிர் உடம்புக்கு ஆகாதே, இந்த அம்மாள் பாட்டுக்கு எடுத்துத் தள்ளுகிறாரே என்று பதற வேண்டாம். மற்ற இடங்களில் உடைந்த இடுப்பெலும்பு திரையில் ஒழுங்காக விழுவதற்குள் பன்னிரண்டு படம் ஆகிவிடும். "கொஞ்சம் இடது பக்கம். உங்க இடது இல்ல, என் இடது" என்று டாக்டரும் டெக்னீஷியனும் சம்பந்தி சண்டை போட்டுத்தான் ஒரு படம் தேறும். அக்காவுக்கு நாலு போதும். ஐந்தாவதுதான் அந்த இன்னொண்ணு. அவருடைய ஊதாரித்தனம் மற்றவர்களுடைய சிக்கனத்தில் பாதிகூட வராது.

அந்த நாலின் ரகசியம் தரையில் இருந்தது. தியேட்டர் தரையில் ஆங்காங்கே காயத்துக்குப் போடும் பிளாஸ்டரைத் துண்டு துண்டாக ஒட்டி, பேனாவால் எண் போட்டு வைத்திருந்தார். சக்கரம் ஒன்றாம் பிளாஸ்டரில் நின்றால் முழங்கால். மூன்றில் நிறுத்திப் பிறையை மேலே சாய்த்தால் இடுப்பு. பார்ப்பவர்களுக்குக் குப்பை. அக்காவுக்கு அது இருபத்தாறு வருஷப் படிப்பு. ஏழு கிலோ ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, கால் டன் இரும்பைத் தள்ளிக்கொண்டு, டாக்டர் வாயைத் திறப்பதற்குள் சரியான துண்டில் கொண்டு போய் நிறுத்திவிட்டு, எதுவுமே செய்யாதவர் மாதிரி சுவரோரமாக நின்றுகொள்வார்.

இந்த நேரத்தில்தான் புது இயந்திரம் வந்து இறங்கியது. கூடவே ஒரு கம்பெனிக்காரரும் வந்தார். கழுத்தில் டை, கையில் லேப்டாப், வாயில் எந்நேரமும் ஒரு புன்னகை. அந்தப் புன்னகையும் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பப்பட்டிருக்க வேண்டும்.

கார் ஓட்டுபவருக்கு போன் வழி சொல்கிறதே, அதே வேலையை இது எலும்புக்குள் செய்கிறது. நோயாளியின் இடுப்பெலும்பில் சின்ன உலோகச் சட்டம் ஒன்றை முள் அடித்துப் பொருத்துவார்கள். சட்டத்தின் மேல் மூன்று வெள்ளி உருண்டைகள். உயரத்தில் ஒரு கேமரா அந்த உருண்டைகளையே பார்த்துக்கொண்டிருக்கும். சி-ஆர்ம் நோயாளியை ஒரு சுற்றுச் சுற்றி நூறு படத்துக்கு மேல் எடுத்துக் கொடுக்கும். கம்ப்யூட்டர் அவ்வளவையும் கோத்து முழு எலும்பையும் திரையில் நிறுத்திவிடும். டாக்டரின் கருவியிலும் உருண்டைகள் உண்டு. அதனால் கருவி நகர நகர, அதன் முனை எலும்புக்குள் எங்கே போகும் என்பது திரையில் தெரிந்துகொண்டே இருக்கும். உண்மையிலேயே வாயைப் பிளக்க வைக்கும் சங்கதிதான்.

"ஒரே ஒரு சுத்துப் படம், அவ்வளவுதான் சார்," என்றார் கம்பெனிக்காரர். "அதுக்கப்புறம் எக்ஸ்ரேக்கு லீவு."

தியேட்டரே திரும்பி அக்காவைப் பார்த்தது. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது இயந்திரத்துக்கு இடம் சுத்தமாக இருக்க வேண்டுமென்று கம்பெனிக்காரர் காலையிலேயே வந்து பிளாஸ்டர்கள் எல்லாவற்றையும் உரித்துப் போட்டிருந்தார்.

அக்கா முகம் சுளிக்கவில்லை. அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இயந்திரத்தின் கையேட்டையும் திறந்தார். பத்து நாளில் முந்நூறு பக்கம். சந்தேகம் கேட்டுக் கேட்டே கம்பெனிக்காரரைத் துரத்தினார். ஒரு நாள் அவர் மாடிப்படி வழியாகத் தப்பிக்கப் பார்த்தார். அக்கா படியிலேயே நின்றிருந்தார்.

வீட்டிலும் பாடம் நடந்தது. சாப்பாட்டு மேஜையில் சர்க்கரை டப்பா நோயாளி ஆனது. அதன் மேல் நிறுத்திய முள்கரண்டி சட்டம். தண்ணீர் ஜாடி, கேமரா. அக்காவின் வீட்டுக்காரர் லிப்ட் ரிப்பேர் செய்பவர். எதையும் நம்பாமலே சம்பாதிப்பவர். டீயை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் விரலால் முள்கரண்டியை லேசாகத் தட்டினார்.

"இப்ப என்ன ஆகும்?"

"என்ன ஆகும்னா? எல்லாம் தப்பாகும். கேமரா பார்க்கிறது உருண்டையை மட்டும்தான். எலும்பு அங்கயே இருக்கும். படம் மட்டும் நகர்ந்துடும்."

"மெஷின் கத்துமா?"

"உருண்டை உடைஞ்சா கத்தும். மறைஞ்சா கத்தும். சட்டம் மொத்தமா அசைஞ்சா அதுக்குத் தெரியாதுங்க. ஆளு அசைஞ்சான்னு நெனைச்சுக்கும்."

"அப்ப நம்ம லிப்ட் கதைதான். வெளிய போர்டுல மூணுன்னு எரியும். லிப்ட் நிக்கறது ரெண்டரையில. போர்டை நம்பிக் காலை வச்சவன் ஆஸ்பத்திரிக்குத்தான் வரணும்." டீயை ஒரு வாய் குடித்தார். "ஆனா அங்கயும் ஒரு போர்டு வச்சிருக்கீங்க."

முதல் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். நோயாளி ஒரு லாரி டிரைவர். காலையில் அவரைத் தாழ்வாரத்தில் தள்ளுவண்டியில் நிறுத்தியிருந்தபோது அக்கா போய்ப் படங்களைச் சரிபார்த்தார்.

"எப்படிண்ணா விழுந்தீங்க?"

"முப்பது வருஷம் லாரி ஓட்டினேன் சிஸ்டர், ஒரு கீறல் கிடையாது. வீட்டுல பல்பு மாத்த ஏணில ஏறினேன்."

"நான் சிஸ்டர் இல்லண்ணா, படம் எடுக்கறவ. பல்பு மாத்தியாச்சா?"

"மாத்திட்டுத்தான் விழுந்தேன். வேலையை அரைகுறையா விடற பழக்கம் இல்ல." சிரிக்கப் பார்த்தார், இடுப்பு விடவில்லை. பிறகு குரல் இறங்கியது. "இடது பக்கம்மா. கிளட்ச் கால். நரம்பு பக்கத்துல ஓடுதாம், அது போச்சுன்னா பாதம் தொங்கிடும், தூக்க வராதுன்னு பெரிய டாக்டர் சொன்னார். கிளட்சை அமுக்கறது யார் வேணும்னாலும் அமுக்கலாம். விடறதுலதான் டிரைவர் யாருன்னு தெரியும். பாதம் தூக்கலேன்னா நான் வீட்டுல பல்புதான் மாத்திக்கிட்டு இருக்கணும்."

"ஏணில ஏற விட்டாத்தானே."

"அதுவும் சரிதான். புது மெஷினாமே? நான் புது வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிரேக்கைத் தொட்டுப் பார்த்துடுவேன். நீங்களும் தொட்டுப் பார்த்துக்குங்க."

தியேட்டரில் அன்று திருவிழாக் கூட்டம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியின் நிர்வாகிகள் ஏழு பேர், ஆளுக்கொரு நாற்காலியில். பெரிய டாக்டர் காதோரம் மைக் மாட்டியிருந்தார். கெட்டிக்காரர், உடைந்த எலும்பு அவர் கையில் சமர்த்தாகிவிடும். ஒரே குறை, யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிடுவார். இன்று ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டத்தைப் பொருத்தினார்கள். எல்லோரும் வெளியே போய் நிற்க, அக்கா சி-ஆர்மை ஒரு சுற்றுச் சுற்ற வைத்தார். படம் கண்ணாடி மாதிரி வந்தது. கம்பெனிக்காரர் பலகையில் பெரிதாக எழுதினார்: மொத்தப் படம், ஒன்று. அக்கா சி-ஆர்மைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரமாக நிறுத்தி, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார். மேஜைக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் படுத்து உருளலாம்.

முதல் ஸ்க்ரூ போகவேண்டிய இடத்துக்குப் பாந்தமாகப் போனது. அடுத்தது இரண்டாவது. அதுதான் சந்து வழி. நரம்புகள் ஒதுங்கி விட்டுக்கொடுத்த எலும்புப் பாதை அந்த இடத்தில் பென்சில் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். முதலில் கம்பி, அதன் மேல் ஸ்க்ரூ.

"இப்ப நீங்க எல்லாரும் இந்த மூலையைக் கவனிக்கணும்," என்று பெரிய டாக்டர் கண்ணாடிப் பக்கம் திரும்பி, வலது கையால் திரையைக் காட்டினார். வலது கை உயர்ந்தபோது இடது முழங்கை பின்னால் போனது. போய், சட்டத்தில் இடித்தது.

பெரிய இடி ஒன்றும் இல்லை. கூட்டமான பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் இடித்தால் நாம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோமே, அவ்வளவுதான். மூன்று வெள்ளி உருண்டைகளும் ஒரு தடவை தலையாட்டிவிட்டு நின்றன. இடித்தவருக்குத் தெரியவில்லை. நிர்வாகிகள் மூலையைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனிக்காரர் நிர்வாகிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். திரையில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்தது. எலும்பு அழகாகத் தெரிந்தது.

அக்கா பார்த்துவிட்டார். போர்டில் மூணு எரிகிறது, லிப்ட் எங்கே நிற்கிறதோ தெரியாது.

டாக்டர் டிரில்லை எடுத்தாயிற்று. சொல்வதற்கு அக்காவிடம் மூன்று வாக்கியங்கள் இருந்தன, யோசிக்க ஒரு மூச்சு நேரம் இருந்தது.

முதலாவது, இன்னொண்ணு எடுத்துக்கலாம் டாக்டர். தேய்ந்துபோன வாக்கியம். எக்ஸ்ரேக்கு லீவு விட்ட நாளில், அதுவும் ஏழு பேர் முன்னால், அது சிரிப்பைத்தான் கிளப்பும். சிரித்துக்கொண்டே கம்பியை இறக்கிவிடுவார்கள்.

இரண்டாவது, நீங்க இடிச்சுட்டீங்க டாக்டர். உண்மை. ஆனால் இதற்கு முன்னுதாரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் இதே டாக்டரிடம் அக்கா, கையுறை சுத்தம் செய்யாத மேஜை விளிம்பில் பட்டுவிட்டது என்று சொன்னார். எங்கே பட்டது, எப்போது பட்டது, யார் பார்த்தது, எந்தக் கோணத்திலிருந்து பார்த்தது என்று கால் மணி நேரம் விசாரணை நடந்தது. மயக்க டாக்டரம்மா சாட்சிக்கு அழைக்கப்பட்டார். கையுறை மாற்றப்பட்டது, அக்காவோடு பேச்சுவார்த்தை ஒரு மாதம் நின்றுபோனது. கையுறை காத்திருக்கும். டிரில் காத்திருக்காது.

அக்கா மூன்றாவதைச் சொன்னார்.

"டாக்டர், நிறுத்துங்க. நான் சட்டத்தை இடிச்சுட்டேன்."

டிரில் நின்றது. ஒரு கேள்வி கிடையாது, ஒரு சந்தேகம் கிடையாது. சுவரோரம் நிற்கிற சி-ஆர்ம் எப்படி இங்கே வந்து இடிக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. குற்றவாளி தானே கையைத் தூக்கும்போது யார் போய் அளவுநாடா தேடுவார்கள்?

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்," என்றார் பெரிய டாக்டர். மைக் வழியாக அது ஏழு பேருக்கும் தெளிவாகக் கேட்டது. "இடிக்கறதுக்கு இன்னைக்குத்தான் நாள் கிடைச்சுதா?"

"தப்புதான் டாக்டர்."

"கண்ணு எங்க இருந்தது?"

"உருண்டை மேலதான் டாக்டர்."

"நாளைலேர்ந்து இந்த மெஷினுக்கு வேற ஆளைப் போடச் சொல்லிடறேன்."

"சரிங்க டாக்டர். இப்ப குச்சியால ஒரு தடவை தொட்டுப் பார்த்துடுங்க."

அவர் உருண்டைகள் பொருத்திய சோதனைக் குச்சியை எடுத்து, வெட்டுவாய்க்குள் வெளியே தெரிந்த எலும்பு மேட்டில் அதன் முனையை வைத்தார். கண்ணுக்கு முன்னால் முனை எலும்பின் மேல் நின்றது. திரையில் அதே முனை எலும்புக்குள் புதைந்திருந்தது.

"எவ்வளவு?" என்றார் டாக்டர். குரலில் இருந்த கோபம் எங்கோ போய்விட்டிருந்தது.

"அஞ்சு மில்லிமீட்டர்," என்ற கம்பெனிக்காரர், புன்னகையைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டு, "அஞ்சே மில்லிமீட்டர்தான் சார்," என்றார்.

"உங்க மூக்குக்கண்ணாடியை அஞ்சே மில்லிமீட்டர் உள்ள தள்ளட்டுமா?" என்றார் மயக்க டாக்டரம்மா.

சந்து வழியில் ஐந்து மில்லிமீட்டர் என்றால், கம்பி நேராக நரம்பைப் போய்ப் பார்த்திருக்கும். பெரிய டாக்டர் சட்டத்தை இறுக்கினார். எல்லோரும் மறுபடி வெளியே போனார்கள். அக்கா சி-ஆர்மை உருட்டிக்கொண்டு வந்தார். பிளாஸ்டர் இல்லாத தரையில் சக்கரங்கள் பழைய இடத்தில் அப்படியே வந்து நின்றன. மறுபடி ஒரு சுற்று. கம்பெனிக்காரர் பலகையில் ஒன்றை அழித்துவிட்டு இரண்டு என்று சின்னதாக எழுதினார். இந்த முறை படமும் எலும்பும் ஒன்றாக நின்றன. கம்பி போனது, ஸ்க்ரூ போனது.

முடிந்ததும் எல்லோரும் வழக்கமான குரலுக்காகக் காத்திருந்தார்கள். அக்கா வாயைத் திறக்கவில்லை. பெரிய டாக்டர்தான் சொன்னார்: "கடைசியா ஒரு படம் எடுங்க." பலகையில் மூன்று ஆனது.

மாலை நான்கு மணிக்கு டிரைவர் நன்றாகக் கண் விழித்தார். பெரிய டாக்டர் போர்வையை விலக்கினார். அக்கா வாசலிலேயே நின்றார். உள்ளே வர அவருக்கு வேலை எதுவும் இல்லை.

"இடது கால் கட்டைவிரலை மேல தூக்குங்க."

ஒன்றும் நடக்கவில்லை. அறையில் இருந்த எல்லோரும் அந்த ஒரு விரலைப் பார்த்தார்கள்.

"தூக்குங்க."

"வலது பக்கமா சார்?"

"இடது. கிளட்ச்."

விரல் எழுந்தது. பின்னாலேயே பாதமும் எழுந்தது. மெதுவாகக் கீழே வந்து, திரும்பவும் எழுந்தது.

"அதான், கிளட்ச்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்றார் டிரைவர்.

அக்கா சத்தமில்லாமல் நகர்ந்து தன் அறைக்குப் போனார். அங்கே ஒரு வேலை பாக்கி இருந்தது. ஆபரேஷனில் ஏதாவது பிசகு நடந்தால் நிரப்புவதற்கென்று ஒரு படிவம் உண்டு. வாயால் ஒரு பொய் சொன்னாயிற்று; அது அவசரத்துக்கு. பேனாவால் பொய் எழுத அக்காவுக்குக் கை வரவில்லை. உண்மையை எழுதினாலோ, மனிதரைப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். என்ன நடந்தது என்ற கட்டத்தில், சட்டம் அசைந்தது, சோதித்தோம், திரும்பப் படம் எடுத்தோம் என்று எழுதினார். அடுத்த கட்டம், யாரால். அங்கே பேனா வெகுநேரம் நின்றது. பிறகு ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: முழங்கையால்.

படிவம் கையெழுத்துக்கு மேஜைக்குப் போனது. பெரிய டாக்டர் வழக்கம்போலப் படிக்காமல் பேனாவை எடுத்தார். பிறகு படித்தார். சி-ஆர்முக்கு முழங்கை கிடையாது. அது நிறுத்தியிருந்த இடத்திலிருந்து அக்காவுடைய முழங்கை எட்டவும் எட்டாது. மேஜையருகே, திரைக்கு எதிரே, கையைத் தூக்கிக்கொண்டு நின்றது யார் என்று யோசித்தார். யோசித்தபடியே தன் இடது முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

எக்ஸ்ரே அறை வாசலில் அவர் வந்து நின்றபோது அக்கா ஈய அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"முழங்கைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க டாக்டர்."

"யாரோடதுன்னு எழுதலையே."

"கட்டம் சின்னதா இருந்தது."

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, நானான்னு கேட்டிருப்பீங்க."

"கேட்டிருப்பேன்."

"ஆமான்னு சொல்லியிருப்பேன். எப்பன்னு கேட்டிருப்பீங்க. கையில டிரில் ஓடிக்கிட்டு இருந்துது டாக்டர். நான் தப்பு பண்ணிட்டேன்னு சொன்னா உடனே நம்பிடுவீங்க. அதுக்கு சாட்சி கேக்க மாட்டீங்க."

பெரிய டாக்டர் படிவத்தை அங்கேயே சுவரில் வைத்து, முழங்கையால் என்பதற்கு முன்னால் சின்னதாக என் என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். மன்னிப்பு என்று தனியாக எதுவும் கேட்கவில்லை. மறுநாள் டூட்டி பட்டியலில் புது இயந்திரத்துக்கு நேரே வேறு ஆளின் பெயர் இல்லை, சம்பளப் பட்டியலில் இருக்கும் அந்தப் பெயர்தான் இருந்தது. இது யார் என்று இரண்டு பேர் விசாரித்தார்களாம்.

வேறு சில மாறுதல்களும் நடந்தன. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கு முன்னாலும் குச்சியால் தொட்டுப் பார்ப்பது விதியாயிற்று. தொட்டுப் பார்த்தால் அரை நிமிஷம், பார்க்காவிட்டால் ஒரு கால் என்று பெரிய டாக்டரே வகுப்பு எடுத்தார். தரையில் பிளாஸ்டர்கள் திரும்பி வந்தன. ஒன்று, மூன்று, ஐந்து. மேஜைக்குப் பக்கத்தில் மட்டும் எண் போடாத இரண்டு துண்டுகள் புதிதாக முளைத்திருந்தன, ஒரு ஜோடிக் கால் நிற்கும் அளவுக்கு. அங்கே நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் முழங்கை சட்டத்தில் படாது. பெரிய டாக்டர் வருவார், குனிந்து பார்ப்பார், அதன் மேல் ஏறி நின்றுகொள்வார்.

மூன்று மாதம் கழித்து டிரைவர் கைத்தடியோடு வந்தார். கடைசிப் படம் எடுக்க மேஜையில் ஏறிப் படுத்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"அடுத்த மாசம் வண்டி எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாரும்மா. என்ன கைராசி அவருக்கு."

"கை நல்ல கைதாண்ணா," என்றார் அக்கா, பிறையைச் சாய்த்துக்கொண்டே. "முழங்கையைத்தான் கொஞ்சம் பார்த்துக்கணும். அசையாம இருங்க. இன்னொண்ணு எடுத்துக்கறேன்."